சாமுண்டீஸ்வரி திருத்திய ஊர்ப்பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் கல்வி உதவி மன்றத்தின் செயலாளர் பீமாராவ் அவர்களே, கேட்ட உடனே இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட வணிகர் அஜிததாஸ் அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மீனம்பாள் அம்மா அவர்களே, ஏரிமேட்டிலிருந்தும் வல்லத்திலிருந்தும் மேல்மலையனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, உங்கள் எல்லோர் முன்னும் தலைவணங்கி நிற்கிறேன்.

நான் கலியபெருமாள். அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மன்றத்துக்குத் தலைவர் என்று என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, என்னைவிட இருபது வயது இளையவளுக்கு இரங்கல் உரை சொல்ல வேண்டியிருக்கிறது. இது என்ன வரிசை? இது யார் போட்ட வரிசை?

மீனம்பாள் அம்மாவின் மகள், கணினிப் பொறியாளர் சாமுண்டீஸ்வரி சென்ற மாதம் மாரடைப்பில் காலமானார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கைநிறையச் சம்பளத்தோடு இருந்தவர், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது செஞ்சிப் பக்கம் தன் ஊரான ஏரிமேட்டுக்குத் திரும்பினார். அப்பா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் மருந்துக்கடைக்கு மேலே நம் மன்றத்துக்கு இருக்கிற அந்த ஒற்றை அறையில்தான் அவருடைய இத்தனை வருட உழைப்பும் நடந்தது. பிள்ளைகளின் விண்ணப்பங்கள், உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் அவர் கையால் நடந்தன. நம் வட்டாரத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு கோப்பு வைத்திருந்தார். உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று செவிலியராக, ஆசிரியராக, பொறியாளராக இருக்கிறார்கள் என்றால், அவர்கள் எல்லோரும் அந்த அறையின் மாடிப்படி ஏறி இறங்கியவர்கள்.

அவரைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். அதைச் சொல்லலாமா என்று காலையில் பீமாராவிடம் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லுங்க மாமா. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி.

இன்று ஏரிமேடு என்று நாம் சொல்கிற ஊரின் பழைய பெயர் உங்களுக்குத் தெரியும். மேட்டுச்சேரி. சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம் என்று புத்தகத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் பேருந்தில் நடத்துநர் "சேரி ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று சொல்லும்போது அவர் அந்தப் பொருளிலா சொன்னார்? நம் பிள்ளைகள் பள்ளியில் முகவரி சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்களே, அது எந்தப் பொருளுக்காக?

சில வருடங்களுக்கு முன் ஊராட்சியில் தீர்மானம் போட்டு அந்தப் பெயர் மாறியது. ஊர் கூடி ஏரிமேடு என்று தேர்ந்தெடுத்தோம். புதிய பெயர்ப்பலகை திறக்க ஒரு நாளும் குறித்தோம். அதற்கு முந்தைய வாரம் மன்றத்தில் கூட்டம். பீமாராவ் எழுந்தார்.

"பலகை தொறக்கற அன்னிக்கு நம்ம மன்றத்துல ஒரு கோப்புல கூட அந்தப் பேரு இருக்கக் கூடாது. ஒண்ணுல கூட. சாமு, உனக்குத்தான் ஒரே வரியில எல்லாத்தையும் மாத்தத் தெரியுமே, மாத்திடு."

அது உண்மைதான். அவர் கணினியில் ஒரு கறுப்புத் திரை இருக்கும். படம் இருக்காது, பொத்தான் இருக்காது. அதில் ஒரு வரி கட்டளை எழுதுவார். இந்தச் சொல்லைத் தேடு, அந்தச் சொல்லைப் போடு, இந்தப் பெட்டிக்குள் இருக்கிற எல்லாக் கோப்பிலும். ஒரு கோப்பைக்கூடத் திறக்க வேண்டாம். நாம் கண் சிமிட்டுவதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகளில் சொல் மாறியிருக்கும். "நல்லதையும் ஒரே மூச்சுல செய்யும் மாமா, தப்பையும் ஒரே மூச்சுல செய்யும்" என்று அவர் என்னிடம் சொல்வதுண்டு. அதனால் அவர் முதலில் தேட மட்டும் சொல்வார். எங்கெங்கே அகப்படுகிறது என்று வரிவரியாகத் திரையில் காட்டச் சொல்லிப் படிப்பார். ஒரு நகல் எடுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் மாற்றுவார்.

அன்று கூட்டத்தில் அவர் மறுத்துவிட்டார்.

"இந்த வருஷம் அப்ளை பண்ற பிள்ளைங்க கோப்புல மாத்த மாட்டேன்ணா" என்றார். "அவங்க ஆதார்ல, சர்ட்டிபிகேட்ல எல்லாம் பழைய பேருதான் இருக்குது. நாம ஏரிமேடுன்னு போட்டு அனுப்புனா அட்ரஸ் சேரலைன்னு தள்ளிடுவாங்க. மொதல்ல வீடு வீடா போய் காகிதத்தை மாத்தலாம். கோப்பைக் கடைசியா மாத்தலாம்."

கூட்டம் கொதித்தது. ஒரு தாய் எழுந்து கேட்டார்: "இன்னும் ஒரு வருஷம் எம்பொண்ணு அந்தப் பேரைச் சுமக்கணுமா? இன்னா நியாயம் இது?" பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மெட்ராசுல இருந்துட்டு வந்தவங்களுக்கு எங்க வலி எங்க தெரியும்."

சாமுண்டீஸ்வரி அந்தக் குரலின் பக்கம் திரும்பினார். "காலேஜ் ஹாஸ்டல்ல எனக்கு வந்த லெட்டரை எடுத்து, கவர் மேல இருந்த அட்ரசை வார்டன் மெஸ்ல சத்தமா படிச்சாங்க. அன்னியிலேர்ந்து யாரும் எங்கூட உக்காந்து சாப்புடல. படிப்பு முடியற வரைக்கும் தனியாத்தான் சாப்ட்டேன். அந்தப் பேரை அழிக்க உங்க எல்லாரையும் விட எனக்கு அவசரம். ஆனா ஒரு பிள்ளை சீட்டை வெச்சு அதை அழிக்க மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகும் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. பீமாராவ் முகம் கொடுக்காமல் வெளியே போனார். அந்த வாரம் முழுக்க ஏரிமேட்டில் சாமுண்டீஸ்வரியோடு பேசியவர்கள் குறைவு. அவர் வீட்டு வாசலில் பழைய பெயர்ப்பலகையின் உடைந்த பாதியை யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை எடுத்துப் பின்பக்கம் போட்டுவிட்டு வழக்கம்போல வேலைக்கு வந்தார். சொந்த சனத்தின் பழியைச் சுமந்துகொண்டு சொந்த சனத்துக்கு வேலை செய்வது எத்தனை பேரால் முடியும்?

பலகை திறப்புக்கு முந்தின நாள். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சனத்தால் செஞ்சிப் பேருந்து நிலையம் திணறிக்கொண்டிருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் அனுப்ப அன்று மாலையோடு கெடு முடிகிறது. சாமுண்டீஸ்வரி சில பிள்ளைகளின் சான்றிதழை வாங்கிவரக் காலையிலேயே சீயமங்கலம் போய்விட்டார்.

அவர் இல்லாத நேரத்தில் பீமாராவ் அறையைத் திறந்தார். கூட அவருடைய மைத்துனர் தனகோட்டி. அவரும் சென்னையில் கணினி வேலையில் இருப்பவர், இன்று அதோ கதவோரம் நின்றுகொண்டிருக்கிறார். மேட்டுச்சேரி என்று தேடினால் எல்லாம் அகப்படவில்லை. ஒருவர் மேட்டுசேரி என்று எழுதியிருந்தார், இன்னொருவர் ஒற்றெழுத்து ஒன்றைக் கூட்டி எழுதியிருந்தார். பல கைகள் எழுதிய கோப்புகள் அல்லவா? அதனால் தனகோட்டி, சேரி என்று முடிகிற சொல் எதுவாக இருந்தாலும், முன்னால் என்ன ஒட்டியிருந்தாலும், முழுச் சொல்லையும் எடுத்துவிட்டு ஏரிமேடு என்று போடும்படி ஒரு கட்டளை எழுதினார். எழுதி, தட்டிவிட்டார்.

நான் மதியம் அறைக்குப் போனபோது இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுது மாமா. இனி தேடினாலும் கெடைக்காது" என்றார் பீமாராவ். விண்ணப்பம் அனுப்ப வந்து உட்கார்ந்திருந்த ஒரு தன்னார்வப் பெண் திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஒரு மாணவியின் கோப்பு. முகவரி: ஏரிமேடு. தேர்வு எழுதிய மையம்: ஏரிமேடு. விரும்பும் கல்லூரி: ஏரிமேடு.

புதுச்சேரி எங்கே போயிற்று? புதுச்சேரியும் சேரி என்றுதானே முடிகிறது. வேளச்சேரியும் அப்படித்தானே. எல்லாம் ஏரிமேடு ஆகியிருந்தன. அது மட்டுமா? நம் வட்டாரத்தில் ஊருக்கு ஒரு சேரி. கீழ்ச்சேரி, பழையசேரி, புதுத்தெருச்சேரி என்று அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதியிருந்த எல்லாமும் ஏரிமேடு ஆகியிருந்தன. எல்லாச் சேரியும் ஒன்றுதான் என்றுதானே காலங்காலமாக நம்மைப் பார்த்தார்கள்? அன்று நம் கணினியும் நம்மை அப்படித்தான் பார்த்தது.

சாமுண்டீஸ்வரி வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் பேருந்து நகராமல், கடைசித் தூரத்தை நடந்தே வந்திருந்தார். நான் சொன்னேன். அவர் கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏரிமேடு என்ற சொல்லைத் தேடச் சொன்னார். திரையில் வரிகள் கொட்டிக்கொண்டே இருந்தன, நிற்கவில்லை. அவர் பீமாராவைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"இதுல எந்த ஏரிமேடு எந்த ஊருண்ணா?"

"திருப்பி மாத்திடலாம் இல்ல?" என்றார் தனகோட்டி, தயங்கித் தயங்கி.

"எதுவா மாத்துறது? புதுச்சேரியாவா, மேட்டுச்சேரியாவா? இதுக்குத் தெரியாதே."

பிறகு வேலையில் இறங்கினார். முந்தின ஞாயிறு எடுத்த நகல் அவரிடம் இருந்தது. ஆனால் அதை அப்படியே திருப்பிப் போட்டால் அந்த வாரம் ஏற்றிய மதிப்பெண்கள், சான்றிதழ் எண்கள் எல்லாம் அழிந்துவிடும். அதனால் ஏரிமேடு என்று மாறிப்போன வரியை மட்டும் பழைய நகலிலிருந்து எடுத்துப் போடும்படி ஒரு சிறிய நிரல் எழுதினார். எழுதிவிட்டு உடனே ஓட்டவில்லை. ஒரே ஒரு கோப்பில் ஓட்டிப் பார்த்தார். பீமாராவால் தாங்க முடியவில்லை. "நேரம் போவுது சாமு, எல்லாத்துலயும் ஓட்டு."

"அவசரப்பட்டுத்தான் இங்க வந்து நிக்கிறோம். சும்மா இருங்கண்ணா."

அப்போது மின்சாரம் போனது.

கணினி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. தனகோட்டி பக்கத்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரரின் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக மேலே இழுத்துக் கொண்டு வந்து மாட்டினார். அதற்குள் சாமுண்டீஸ்வரி இரண்டாவது கோப்பையும் மூன்றாவது கோப்பையும் சரிபார்த்துவிட்டு எல்லாவற்றிலும் ஓட்டினார். பழைய கோப்புகள் பிழைத்தன.

ஆனால் அந்த வாரம் புதிதாக வந்தவர்களின் கோப்புகள்? அவற்றுக்கு நகலே இல்லை. சாமுண்டீஸ்வரி என் பக்கம் திரும்பினார். "மாமா, அட்ரஸ் வரியில பின்கோடு இருக்குதே. அதை வெச்சு ஊரைச் சொல்லிடலாம் இல்ல?"

வீடோ, தேர்வு மையமோ, கல்லூரியோ, பின்கோட்டின் முதல் எண்களைப் பார்த்தால் புதுச்சேரியா நம் பக்கமா என்று தெரிந்துவிடும். கடைசி எண்கள் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். நான் எண்ணைப் பார்த்து அஞ்சலகத்தைச் சொல்ல, அந்த அஞ்சலகத்துக்குள் எந்தச் சேரி என்று பீமாராவ் சொல்ல, சாமுண்டீஸ்வரி நிரலில் எழுதினார். ஒவ்வொரு வரியும் திரையில் வந்தது. நாங்கள் மூவரும் சேர்ந்து சரி என்று சொன்ன பிறகே மாறியது. ஒரு பக்கம் திருந்தத் திருந்த, இன்னொரு பக்கம் அந்தத் தன்னார்வப் பெண்ணும் தனகோட்டியும் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பின்கோடு எழுதாத கோப்புகள் மிஞ்சின. அவர்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். அமாவாசைக் கூட்டத்தில் ஒரு அழைப்பு போனால் இரண்டு போகாது. இந்தக் கூடத்தில் இருக்கிற பலருக்கு அன்று அந்தத் திடீர் அழைப்பு வந்திருக்கும். "எந்தச் சேரி, சீக்கிரம் சொல்லுங்க" என்று கேட்டது ஏன் என்று இன்றுதான் உங்களுக்குத் தெரிகிறது.

மணிமொழி என்ற பெண்ணை மட்டும் பிடிக்க முடியவில்லை. செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்தவள். வல்லத்தில் யாரோ ஒருவர் நிலத்தில் அம்மாவோடு மணிலாக் கடலை பிடுங்கப் போயிருக்கிறாள் என்று மட்டும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பீமாராவ் வண்டிச் சாவியை எடுத்தார்.

"இந்தக் கூட்டத்துல எப்படிப் போவீங்க?" என்றேன்.

"போறேன் மாமா. நான்தான் போவணும்."

சாலையில் போக முடியாமல் கோட்டைப் பக்கத்து மண்பாதையில் வண்டியை விட்டிருக்கிறார். கெடு நெருங்க நெருங்க எங்கள் கண்கள் எல்லாம் சாமுண்டீஸ்வரியின் கைப்பேசியில் இருந்தன. அவர் மணிமொழியின் கோப்பைத் திறந்து, அந்த ஒரு வரியில் கைவைத்துக் காத்திருந்தார். பீமாராவின் எண்ணிலிருந்து கைப்பேசி அடித்தது.

"அக்கா, நான் மணிமொழி. இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. உன் ஆதார்ல ஊர் எப்படி இருக்குதுன்னு எழுத்தெழுத்தா சொல்லு."

அவள் சொன்னாள். இவர் தட்டினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தபோது, நாங்கள் யாரும் கைதட்டவில்லை. தனகோட்டி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தப்பித்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. அது உண்மையாகாது. பொன்னுசாமியின் மகன் விண்ணப்பம் போகவில்லை. அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருந்தது, கடைசிவரை தொடர்பு கிடைக்கவில்லை. ஊகித்து ஒரு பெயரைப் போடலாமா என்று நாங்கள் கேட்டபோது சாமுண்டீஸ்வரி கூடாது என்றார். மறுவாரம் அவரே சூளைக்குப் போய், பையனின் தந்தையிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு வருடம் அவனுக்கு வேலையும் பயிற்சியும் ஏற்பாடு செய்து, அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்த்தார். அந்தப் பையன் இன்று இங்கே வந்திருக்கிறான்.

அன்று இருட்டும் நேரத்தில் பீமாராவ் மாடியேறி வந்தார். சட்டையெல்லாம் செம்மண். "திட்டு சாமு. ஏதாவது சொல்லித் திட்டு" என்றார்.

"திட்டிட்டா மட்டும்? நாளைக்கு பலகை தொறக்கணும். போய்க் குளிங்கண்ணா."

மறுநாள் பலகை திறந்தது. அதற்கடுத்த நாள் அவர்கள் இருவரும் சேர்ந்து முதல் வீட்டின் கதவைத் தட்டினார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, சான்றிதழ். ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. எத்தனை அலுவலகம், எத்தனை வரிசை, எத்தனை முறை "நாளைக்கு வாங்க". ஒரு குடும்பத்தின் காகிதங்கள் எல்லாம் மாறிய பிறகே அந்தக் குடும்பத்தின் கோப்புக்கு அவர் கட்டளை எழுதினார். அதையும் அந்தக் குடும்பத்தாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். பழைய பெயர் இருந்த வரிகளைத் திரையில் காட்டி, "பாத்துக்கிட்டீங்களா? இப்ப மாத்தட்டுமா?" என்று கேட்பார். அன்று கூட்டத்தில் நியாயம் கேட்ட அந்தத் தாய், தன் முறை வந்தபோது, "அந்தப் பொத்தானை நான் அமுக்கறேன் கண்ணு" என்றார். அவர் விரலால்தான் அது மாறியது. ஒரு சொல் மறைவதைப் பார்த்து ஒரு தாய் அப்படி அழுததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேகமாகச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். வேகமாகச் செய்யத் தெரிந்தும் நின்று பார்த்தவர் நம் சாமுண்டீஸ்வரி. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வேறு வேறு என்று, எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கும் ஓர் இயந்திரத்துக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் நம் சாமுண்டீஸ்வரி. அவரை இழந்து நிற்கிறோம். யாரிடம் போய் முறையிடுவது?

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க மீனம்பாள் அம்மாவோடு நானும் பீமாராவும் போயிருந்தோம். முகவரியில் ஏரிமேடு என்று எழுதினேன். அங்கிருந்த எழுத்தர் சாமுண்டீஸ்வரியின் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல வேற மாதிரி இருக்குதே சார்" என்றார். வாங்கிப் பார்த்தோம். மேட்டுச்சேரி. தன் வீட்டுக் காகிதத்தை அவர் மாற்றவே இல்லை. எல்லோர் வீடும் முடியட்டும் என்று வைத்திருந்திருக்கிறார். இன்னும் ஒரு தெரு பாக்கி இருந்தது.

பீமாராவ் எழுத்தரிடம் கெஞ்சினார். புதுப்பெயரையே போடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டார். மீனம்பாள் அம்மாதான் தடுத்தார்.

"வுடுப்பா. அதுலதான் பொறந்தா, அதுலயே எழுதட்டும். அட்டையில இல்லாததை எழுதச் சொன்னா அவளுக்கே புடிக்காது" என்றார். பிறகு, தன் பையிலிருந்த தன்னுடைய அட்டையை எடுத்து பீமாராவ் கையில் வைத்தார். "எனக்கு மாத்திக் குடு. நான் போவும்போது ஏரிமேட்டுலேர்ந்து போவணும்."

மீனம்பாள் அம்மா, இந்தக் கூட்டத்தின் முன் உங்களுக்குச் சொல்கிறோம். நாளைக் காலை மன்றத்தைத் திறந்ததும் முதல் வேலை உங்களுடையது. அலுவலகத்துக்குப் பீமாராவ் உங்களைக் கூட்டிப் போவார். பாக்கியிருக்கிற தெருவுக்கு நான் வருகிறேன், தனகோட்டி மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், மணிமொழி தன் விடுப்பு நாட்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு, நீங்கள் அந்த மாடிப்படி ஏறி வந்து உங்கள் மகளின் நாற்காலியில் உட்காருங்கள். வரியைத் திரையில் காட்டுகிறோம். நீங்கள் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு மாற்றுகிறோம்.